குற்றப் பிரேரணை வேறு, பதவி நீக்கம் வேறு

"ட்ரம்ப் இரண்டு தடவை பதவி நீக்கப்பட்டார்" என்று குடியியற் கல்வி விடைத்தாளில் எழுதிய, மலையகத்து ஹட்டன் பக்கத்துப் பிள்ளையைக் கண்டிக்க எனக்கு வாய் வரவில்லை. வாசித்த பத்திரிகை அப்படித்தான் அச்சடித்திருந்தது. "அப்படியென்றால் நடுவில் யார் சேர் ஜனாதிபதி?" என்று பின்வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான். முழுப் புள்ளி அவனுக்கு.

ஆங்கிலச் சொல் 'இம்பீச்மென்ட்'. காலில் பூட்டும் தளையைக் குறித்த லத்தீன் சொல் பழைய பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தது. 1376இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் லத்திமர் பிரபுவைக் குற்றஞ்சாட்டி விசாரித்தபோது அரசியல் சொல்லாக வேர்விட்டது. வேர் ஆராய்ச்சி இவ்வளவு போதும். பொருள் இதுதான்: உயர் பதவியில் இருப்பவர் மீது மக்கள் பிரதிநிதிகள் முறைப்படி குற்றஞ்சாட்டுவது. நீக்குவது அதற்குப் பிந்திய வேலை. நடக்கலாம், நடக்காமலும் போகலாம்.

சென்னைச் செய்தி மொழியை வரி மாறாமல் எடுத்துப்போடும் நம் இலங்கை மொழிபெயர்ப்பாளர்கள் இதற்குப் 'பதவி நீக்கம்' என்று எழுதுகிறார்கள். தேயிலைத் தோட்டத்தில் துரை ஒரு தொழிலாளிக்குக் குற்றச்சாட்டுக் கடிதம் கொடுத்தால் விசாரணை நடக்கும், சங்கத் தலைவர் வாதாடுவார், சில வேளை அந்த ஆள் மறுபடி காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் எடுக்கும் வரிசையில், வந்து நிற்பார். கணக்கு முடித்து அனுப்பும் பற்றுச்சீட்டு கையில் கிடைத்தால்தான் வேலை போனது. எழுத்தறியாத லயத்துப் பாட்டிக்கும் தெரிந்த இந்த வித்தியாசம் செய்தி மேசைக்குத் தெரியவில்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. குற்றஞ்சாட்டுவதற்கும் நீக்குவதற்கும் இடையில்தான் கட்சிக் கணக்கு உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்காவில் பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையால் குற்றஞ்சாட்டும். செனட் மூன்றில் இரண்டு பங்கினால் தண்டிக்கும். 2019 டிசம்பரில் சபை எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்ததால் ட்ரம்ப் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. செனட்டோ அவருடைய கட்சியின் கையில் இருந்தது. அங்கே அந்தக் கட்சியிலிருந்து மிட் ரொம்னி ஒருவர் மட்டும், அதுவும் ஒரு குற்றச்சாட்டுக்கு மட்டும், எதிராக வாக்களித்தார். 2021இல் ட்ரம்ப் மீது மறுபடி குற்றஞ்சாட்டப்பட்டபோது அவர் கட்சியினர் ஏழு பேர் மாறி வாக்களித்தும் 57தான் சேர்ந்தது, வேண்டியது 67. 1868இல் ஆண்ட்ரூ ஜோன்சன் ஒரே வாக்கில் தப்பினார். நிக்சன் 1974இல், தன் கட்சி செனட்டர்களே கைவிட்டார்கள் என்று தெரிந்ததும், சபை வாக்கெடுக்கும் முன்பே விலகிப் போனார். எந்த அமெரிக்க ஜனாதிபதியும் இவ்வழியில் நீக்கப்பட்டதில்லை. 'பதவி நீக்கம்' என்று எழுதினால் இத்தனை கதையும் ஒரு சொல்லுக்குள் புதைந்துபோகிறது.

'கண்டனத் தீர்மானம்' என்பாரும் உண்டு. அது இன்னும் மோசம். கண்டனம் வெறும் ஏச்சு. 1834இல் செனட் ஜனாதிபதி ஜக்சனைக் கண்டித்தது. அவர் கட்சி பெரும்பான்மை பெற்றபின் 1837இல் அந்தக் குறிப்பையே அடித்துவிட்டது. ஜக்சனின் கதிரை ஒரு நாளும் ஆடவில்லை.

பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க 2013இல் அகற்றப்பட்ட நாட்களில் 'குற்றவியல் பிரேரணை' அடிக்கடி கண்ணில் பட்டது. குற்றவியல் என்றால் களவும் கொலையும் விசாரிக்கும் சட்டம். ஜனாதிபதியை நீக்குவது பற்றி நமது அரசியலமைப்பின் 38ஆம் உறுப்புரை சொல்லும் முதல் குற்றம் அரசியலமைப்பை வேண்டுமென்றே மீறுவது; அதற்குப் பொலிஸில் முறைப்பாடு எழுத முடியாது.

ஆகவே 'குற்றப் பிரேரணை'தான் சரி. பிரேரணை வடசொல் என்று தூய தமிழ் அன்பர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். முன்வைப்பது பிரேரணை, முடிவு செய்வது தீர்மானம் என்று இலங்கைத் தமிழ் பிரித்து வைத்திருக்கிறது. 'தீர்மானம் தோல்வி' என்று எழுதுகிறவர்கள், எது தீர்ந்தது என்று சொல்லட்டும். வேண்டுமானால் 'குற்ற முன்மொழிவு' என்று எழுதுங்கள், சண்டைக்கு வரமாட்டேன்.

நம் நாட்டில் இந்த இடைவெளி இன்னும் அகலம். ஜனாதிபதி மீது குற்றப் பிரேரணை கொண்டுவரப் பாராளுமன்ற உறுப்பினர் 225 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் கையெழுத்திட வேண்டும். பாதிப் பேர் மட்டும் என்றால், விசாரிக்கத் தகுந்த குற்றச்சாட்டுத்தான் என்று சபாநாயகர் திருப்திப்பட வேண்டும். பிறகு 150 வாக்குகள், பிறகு உயர் நீதிமன்ற விசாரணை, பிறகு மறுபடி 150. 1991இல் ஜனாதிபதி பிரேமதாசவுக்கு எதிராக அவருடைய கட்சியின் லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்கவும் கொண்டுவந்த பிரேரணை சபாநாயகரைத் தாண்டவில்லை. 2022 மே மாதம் ஜனாதிபதி கோட்டாபய மீதான அதிருப்திப் பிரேரணையை உடனே விவாதிக்கும் கோரிக்கை 68க்கு 119 என்று தோற்றது. ஜூலையில் அவரை விரட்டியது வீதியில் இறங்கிய சனம். இன்று ஜனாதிபதியின் கட்சிக்கு 159 ஆசனங்கள். கணக்கை நீங்களே போடுங்கள்.

உண்மையான பதவி நீக்கமும் இங்கே நடந்தது: 2025 ஓகஸ்டில் பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னகோன், 177 வாக்குகளால். அதற்கு அந்தச் சொல் கச்சிதம். தென் கொரிய ஜனாதிபதி யூனையோ நம் பத்திரிகைக்காரர்கள் இரண்டு தடவை நீக்கினார்கள்: 2024 டிசம்பரில் பாராளுமன்றம் 204 வாக்குகளால் குற்றஞ்சாட்டியபோது ஒருமுறை, 2025 ஏப்ரலில் அரசியலமைப்பு நீதிமன்றம் உண்மையாகவே நீக்கியபோது மறுமுறை. கேட்டால், தலைப்பில் இடம் போதாது என்பார்கள். 'பதவி நீக்கம்' ஏழு எழுத்து. 'குற்றப் பிரேரணை' எட்டு.