சட்டை நுனியால் லென்ஸைத் துடைக்காதீர்கள்

இந்த முகூர்த்த சீசனில் என் சர்வீஸ் மேஜைக்கு இப்படி வந்த நான்காவது லென்ஸ் இது. கல்யாண போட்டோ எடுக்கும் தம்பி ஒருவருடைய 50 எம்எம். கன்னியாகுமரிக் கடற்கரையில் ஷூட் முடித்துவிட்டு சட்டை நுனியால் துடைத்திருக்கிறார், கீறல் விழுந்ததும் யாரோ சொன்னார்கள் என்று பற்பசை போட்டுத் தேய்த்திருக்கிறார். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துக் காட்டினேன். முன் கண்ணாடி முழுக்க வட்டம் வட்டமாகக் கோடுகள், நடுவில் கோட்டிங்கின் (வெளிச்சம் திருப்பி அடிக்காமல் இருக்கக் கண்ணாடி மேல் பூசும் படலம்) ஊதா நிறமே இல்லை.

"பாலிஷ் போட்டுச் சரி பண்ணிடலாமாண்ணே?"

முடியாது தம்பி. பாலிஷ் போட்டால் மிச்சக் கோட்டிங்கும் போய்விடும். தலைமுடித் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட வராத படலம் அது. அது போன இடத்தில் கண்ணாடி 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், மண்டப விளக்குகளைச் சுற்றிப் புகை மாதிரிப் படரும்.

எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "சுத்தமான காட்டன் துணிதானே!" துணி எவ்வளவு மென்மையாக இருந்தால் என்ன, கீறுவது துணியில்லை, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாட்டும் மணல். மணல் கண்ணாடியை விடக் கடினமானது. கன்னியாகுமரி மணலில் கார்னெட் வேறு கலந்திருக்கும், உப்புத்தாளில் ஒட்டுகிற அதே கல். அதைத் துணிக்கு அடியில் வைத்து அழுத்தித் தேய்த்தால் லென்ஸ் என்ன ஆகும்?

இன்னொன்று, முன் கண்ணாடியில் இருக்கும் ஒன்றிரண்டு தூசி படத்தில் தெரியாது. லென்ஸ் துவாரத்தை எஃப் 16 அளவுக்குச் சுருக்கி எடுக்கும்போது வானத்தில் தெரியும் கரும்புள்ளி பெரும்பாலும் கேமராவுக்குள் படம் பதிவாகும் சென்சார் மேல் இருக்கும் தூசி. அதற்காக லென்ஸைத் தினமும் துடைக்காதீர்கள்.

முதலில் லென்ஸைக் கவிழ்த்துப் பிடித்து ரப்பர் ப்ளோவரால் நன்றாகக் காற்று அடியுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். அப்புறம் மென்மையான பிரஷ். முக்கால்வாசி நாள் இதோடு வேலை முடிந்துவிடும். விரல் ரேகை, ஹோமப் புகையின் நெய்ப்பிசுக்கு, கடல் உப்பு இருந்தால் மட்டும் மைக்ரோஃபைபர் துணியில் இரண்டு சொட்டு லென்ஸ் லிக்விட் விட்டு, நடுவிலிருந்து வெளியே சுற்றிச் சுற்றி, அழுத்தாமல் துடையுங்கள். லிக்விடை லென்ஸ் மேலேயே ஊற்றினால் ஓரத்தில் உள்ளே இறங்கிவிடும். ஜன்னல் துடைக்கும் லிக்விட், நெயில் பாலிஷ் ரிமூவர் இதெல்லாம் கிட்டவே வரக்கூடாது. திருநீறு, சந்தனம் பட்ட கைக்குட்டையும்தான்.

லென்ஸைத் தோல் பையில் போட்டு பீரோவில் பூட்டாதீர்கள், ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல்லோடு வையுங்கள், ஈரப்பதம் 40, 50 சதவீதத்தில் இருந்தால் போதும். அரிசியில் புதைக்க வேண்டாம், மாவு உள்ளே போகும்.

உள்ளே வெள்ளை நூல் மாதிரி ஏதாவது ஓடியிருந்தால் அது பூஞ்சை. தயவுசெய்து வீட்டில் பிரிக்காதீர்கள், அந்த வாரமே சர்வீஸுக்குக் கொண்டு போங்கள். கோட்டிங்கை அரித்த பிறகு பூஞ்சையை எடுத்தாலும் அதன் தடம் போகாது.