ஆலையிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு: ராஜினாமாக் கடிதத்துக்கு முன்

சுழலும் இயந்திரங்களின் பராமரிப்புப் பிரிவில் 14 ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, அதன் பின் முனைவர் பட்ட ஆய்வை முடித்துப் பல்கலைக்கழக ஆசிரியராகச் சேர்ந்தவன் நான். இந்த மாற்றத்தைப் பற்றி என்னிடம் விசாரிக்கும் பொறியாளர்கள் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள்: "நடுராத்திரி போன் வந்து வந்து அலுத்துவிட்டது சார், இனிமேலாவது பாடம் நடத்திக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம் என்று பார்க்கிறேன்." நிம்மதி என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குக் கவலை தொடங்கிவிடும். நடுராத்திரி அழைப்பு நின்றுபோவது உண்மை. ஆனால் இன்று எதைச் செய்ய வேண்டும் என்று யாரோ ஒருவர் சொல்லிக்கொண்டிருந்த வசதியும் அதோடு சேர்ந்தே போய்விடுகிறது. அதன் அருமை போன பிறகுதான் தெரிகிறது.

முதல் பருவத்தில் எனக்கு இயந்திர அதிர்வியல் பாடம் கொடுத்தார்கள். ஆண்டுக்கணக்கில் அதையே பார்த்தவன் என்ற தெம்பில், இரண்டாவது வாரமே ஒரு பழைய சம்பவத்தைச் சொன்னேன். நிமிடத்துக்கு 2,970 சுற்று ஓடும் ஒரு பம்ப் மோட்டாரில், 100 ஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு 100 அதிர்வை, ஒட்டிப் பலத்த அதிர்வு. மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கின் அலைன்மென்ட் (இரு தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் இருப்பது) விலகியதால் வருகிறதா, மோட்டாருக்குள் இருக்கும் மின்காந்த விசையால் வருகிறதா என்று எங்களுக்குள் வாக்குவாதம். மூத்த ஃபிட்டர் ஒருவர், "கரண்டைத் துண்டித்துப் பாருங்கள்" என்றார். மின்சாரத்தைத் துண்டித்த கணமே அதிர்வு அடங்கியது. வேகம் குறையக் குறைய மெல்ல அடங்கியிருந்தால் கோளாறு கப்ளிங் பக்கம். சட்டென்று அடங்கியதால் அது மின்பக்கக் கோளாறுதான் என்று முடிவாயிற்று. மாணவர்கள் நன்றாக ரசித்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "நிறுத்தவே முடியாத மோட்டாராக இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் சார்?" என்று கேட்டார். அனுபவத்தில் தெரிந்துவிடும் என்று சொல்லிச் சமாளித்தேன். சொல்லும்போதே அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 2,970 சுற்று என்பது நொடிக்கு 49.5 சுற்று, அலைன்மென்ட் கோளாறு வழக்கமாகத் தலைகாட்டும் இரட்டிப்பு அதிர்வெண் 99 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உண்டாக்கும் விசையோ 100 ஹெர்ட்ஸில் வரும். இடைவெளி ஒரே ஒரு ஹெர்ட்ஸ். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அதிர்வு என்று காட்டும் ஸ்பெக்ட்ரத்தில் இவை இரண்டும் தனித்தனி முகடுகளாகப் பிரிந்து தெரிய வேண்டுமானால் அதிர்வை ஒரு நொடிக்கும் மேலாகப் பதிவு செய்ய வேண்டும். 10 நொடி பதிவு செய்தால் 0.1 ஹெர்ட்ஸ் அளவுக்குப் பிரித்துப் பார்க்கலாம். எங்கள் கையடக்கக் கருவியோ 1,600 ஹெர்ட்ஸ் வரை 400 கோடுகள் என்ற அமைப்பில், அதாவது 4 ஹெர்ட்ஸுக்கு ஒரு கோடு என்ற கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. கால் நொடிப் பதிவில் அது எதைப் பிரித்துக் காட்டும்? கருவியின் மெனுவிலேயே இருந்த அந்த அமைப்பை மாற்ற வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. பவரைத் துண்டித்தால் விடை கிடைத்துவிடும் என்னும்போது தோன்ற வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அடுத்த வகுப்பில் அந்த மாணவியின் கேள்வியிலிருந்தே பாடத்தைத் தொடங்கினேன். அனுபவக் கதைகளை வகுப்பில் சொல்லக் கூடாது என்று நான் கருதவில்லை; கதை முடிந்ததும் கரும்பலகையில் ஒரு சமன்பாடாவது மிஞ்சவில்லையென்றால் அந்த நேரம் ஆசிரியரின் சுயபுராணத்துக்குப் போய்விட்டது என்றே எடுத்துக்கொள்கிறேன். ஒரு மணி நேரப் புதுப்பாடத்துக்குத் தயாராக, முதல் பருவத்தில் எனக்கு ஒரு முழு நாள் பிடித்தது.

ஆய்வு இதைவிடக் கடினமாக இருந்தது. பணிக்காலத்தில் தீர்த்துவைத்த ஒரு பேரிங் பழுதைக் கட்டுரையாக்கி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். சில மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தது. நல்ல பழுதறிக்கைதான், ஆனால் ஒரே இயந்திரத்தில் ஒரே முறை நடந்ததிலிருந்து மற்றவர்கள் எதைத் தெரிந்துகொள்வது என்று மதிப்பீட்டாளர் கேட்டிருந்தார். ஒரு வாரம் கோபம் தணியவில்லை. தணிந்த பிறகு கட்டுரையை எடுத்துப் படித்தால், பேரிங்கை மாற்றினோம், எண்ணெயை மாற்றினோம், அலைன்மென்ட்டைச் சரிசெய்தோம், மூன்றையும் ஒரே நிறுத்தத்தில் செய்தோம் என்று நானே எழுதிவைத்திருக்கிறேன். பழுது நின்றது, மூன்றில் எது அதை நிறுத்தியது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. உற்பத்தி நின்றுகிடக்கும் நேரத்தில் மூன்றையும் சேர்த்துச் செய்ததில் தவறேதும் இல்லை, இன்று கேட்டாலும் அப்படித்தான் செய்யச் சொல்வேன். ஆய்வகத்தில் மட்டும் அந்தக் கைப்பழக்கம் உதவாது. முன்கூட்டியே திட்டமிட்ட வரிசையில் ஒவ்வொன்றாக மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்து, திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும். இயந்திரம் சரியாக ஓடத் தொடங்கிய பிறகும் ஏன் சரியானது என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

காற்று, நீர் போன்ற பாய்மங்களின் ஓட்டத்தை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் லுட்விக் பிராண்டிலின் வாழ்க்கையில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. அவர் 1900-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்–நூரம்பர்க் இயந்திர ஆலையில் பொறியாளராகச் சேர்ந்தார். மரச்சீவல்களை உறிஞ்சி அகற்றும் சாதனத்தைச் செம்மைப்படுத்தும் வேலை அவருக்குத் தரப்பட்டது. அதில் விரிந்து செல்லும் குழாயில், கணக்குப்படி மீள வேண்டிய அழுத்தம் மீளவில்லை. சாதனத்தைத் திருத்திக் கொடுத்துவிட்டார். ஆனால் காற்று ஏன் குழாயின் சுவரை விட்டு விலகுகிறது என்ற கேள்வியைக் கையோடு எடுத்துக்கொண்டு 1901-இல் ஹனோவரில் பேராசிரியராகப் போனார். 1904-இல் ஹைடல்பர்க் கணித மாநாட்டில் அவர் படித்த, சுவரை ஒட்டி ஓடும் மெல்லிய எல்லைப் படலம் பற்றிய கட்டுரை அந்தக் கேள்விக்கு விடை சொன்னது.

கேள்வியை எடுத்துச் செல்லலாம், கோப்புகளை அப்படி எடுத்துச் செல்ல முடியாது. பலர் அசட்டையாக இருக்கும் இடம் இதுதான். பணியில் எழுதிய அறிக்கை, எடுத்த அளவீடு, வரைந்த வரைபடம் எல்லாம் பொதுவாக நிறுவனத்தின் சொத்து. வேலையில் சேர்ந்த நாளில் படிக்காமல் கையெழுத்திட்ட ரகசியக் காப்பு ஒப்பந்தம் விலகிய பிறகும் கட்டுப்படுத்தக்கூடும்; அதை எடுத்து நிதானமாகப் படியுங்கள். எந்தத் தரவை ஆய்வுக்குப் பயன்படுத்தலாம் என்பதை, அங்கே பணியில் இருக்கும்போதே எழுத்து மூலமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மேலாளர் வாய்மொழியாகச் சொன்ன "தாராளமாக எடுத்துக்கொள்" என்பது அவர் மாற்றலாகிப் போன மறுநாள் செல்லாது. சில அளவீடுகளே கையில் இருக்கும்போது அவற்றின் சராசரியை எவ்வளவு நம்பலாம் என்று பார்க்கும் டி-சோதனையைப் புள்ளியியலுக்குத் தந்த வில்லியம் காசெட் கின்னஸ் பீர் ஆலையின் ஊழியர். ஊழியர்கள் தம் பெயரில் ஆய்வு வெளியிட ஆலை இடம்கொடுக்காததால், 1908-இல் வந்த அந்தக் கட்டுரையில் அவருடைய பெயர் 'ஸ்டூடண்ட்' என்றே இருந்தது. இன்று ஆய்விதழ்கள் ஆசிரியரின் பெயர், நிறுவனம், தரவின் மூலம் எல்லாவற்றையும் கேட்கின்றன. புனைபெயரில் ஒளிந்துகொள்ள வழியில்லை.

சம்பளம் பெரும்பாலும் குறையும். எத்தனை ஆண்டுகளுக்குக் குடும்பம் அதைத் தாங்கும் என்று வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து முன்பே கணக்குப் பார்த்துவிட வேண்டும். ஆய்வை முதன்மையாகக் கொண்ட பல்கலைக்கழகங்களில் நிரந்தரப் பணிக்கு முனைவர் பட்டம் ஏறக்குறையக் கட்டாயம். தொழில் அனுபவத்துக்காகவே தரப்படும் பதவிகளும் சில இடங்களில் உண்டு, ஆனால் அவற்றில் பல குறிப்பிட்ட காலத்துக்கானவை. பட்டம் முடிந்ததும் நாற்காலி காத்திருக்கும் என்று எண்ண வேண்டாம். நேற்றுவரை 20 பேரை மேய்த்தவர், தம்மைவிடப் பத்து வயது இளைய ஆய்வு மாணவரிடம் மென்பொருள் கற்றுக்கொள்ள உட்கார வேண்டிவரும். எனக்கு அது வலித்தது, பிறகு பழகிவிட்டது.

கடிதத்தை நீட்டுவதற்கு முன் இரண்டு காரியங்களைச் செய்து பார்க்கச் சொல்கிறேன். விருந்தினர் உரை ஒன்றிரண்டு போதாது. அதில் கைதட்டல் மட்டும்தான் கிடைக்கும். ஒரு முழுப் பருவம், வினாத்தாள் தயாரித்து, விடைத்தாள் திருத்தி, மதிப்பெண் கேட்டு வரும் மாணவருக்குப் பதில் சொல்வது உட்பட ஒரு பாடத்தைப் பகுதிநேரமாக நடத்திப் பாருங்கள். மற்றொன்று, நீங்கள் தீர்த்துவைத்தும் காரணம் இன்னும் புரியாத ஒரு பிரச்சினையை ஒரே பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அப்படி எழுத உட்கார்ந்த நண்பர் ஒருவர், நான்காவது வரியிலேயே பேனாவை வைத்துவிட்டு எதிலிருந்து சோதனையைத் தொடங்கலாம் என்று எனக்கு போன் செய்தார். இப்போது ஆய்வில் மூன்றாம் ஆண்டு. இன்னொருவர் தாளை வெறுமையாகவே திருப்பித் தந்தார். வகுப்பெடுப்பது மட்டும் அவருக்குப் பிடித்துப்போயிற்று. வேலையை விடாமலே வாரம் ஒரு நாள் வந்து பாடம் நடத்துகிறார். அந்த நாளில் எங்கள் துறையில் வருகைப் பதிவு குறைவதே இல்லை.