ஞானஸ்நானத்துக்கு மறுவாரம்

ஞானஸ்நானம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமை சபையே கூடி நிற்கும். பாட்டு, போட்டோ, மதியம் பிரியாணி. அடுத்த வாரம் அதே ஆள் கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருப்பார். ஞானஸ்நான வகுப்பு எடுக்கும் போதகனாக நான் பார்த்தவரையில், புது விசுவாசிகள் உபதேசத்தில் சந்தேகம் வந்து விலகுவது குறைவு. பேச ஆளில்லாமல் விலகுகிறார்கள். இல்லையென்றால் நாம் ஏற்றிவைக்கும் பாரம் தாங்காமல் விலகுகிறார்கள்.

சபையைத் துன்பப்படுத்திவந்து மனந்திரும்பிய சவுல் (பின்னாளில் பவுல்) எருசலேமுக்கு வந்தபோது சீஷர்களே அவரை நம்பப் பயந்தார்கள். பர்னபாதான் அவரை அப்போஸ்தலர்களிடம் கூட்டிக்கொண்டு போனார் (அப்போஸ்தலர் 9:27). அப்படி ஒருவர் எல்லாருக்கும் வேண்டும். அது போதகராக இருக்க வேண்டியதில்லை. பக்கத்துத் தெரு அண்ணனோ அக்காவோ போதும். வாரம் ஒருமுறை டீ குடித்துப் பேச நேரம் உள்ளவராக இருக்க வேண்டும், கேட்டதை ஊரெல்லாம் சொல்லாதவராக இருக்க வேண்டும். பெண்களுக்குப் பெண்ணே துணையாக இருக்கட்டும். இதில் சமரசமே வேண்டாம்.

வேதம் வாசிப்பதற்கு ஒரு வார்த்தை. முதல் பக்கத்திலிருந்து தொடங்கச் சொன்னால் பலர் லேவியராகமத்தில் நின்றுவிடுகிறார்கள். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம்தான், அங்கே தொடங்கலாம். பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் சிலருக்குக் கடினம். எளிய தமிழில் வந்த பதிப்பையும் கூடவே கொடுங்கள்.

சிக்கல் வீட்டில்தான். ஞானஸ்நானம் எடுத்த மறுநாளே பொட்டை அழி, பூவை எடு, பொங்கலுக்கு ஊருக்குப் போகாதே, அம்மா கொடுப்பதைச் சாப்பிடாதே என்று ஆளுக்கொரு சட்டம் சொல்கிறார்கள். பூவும் பொட்டும் கூடாது என்று எல்லாச் சபைகளும் சொல்வதில்லை. நம் சபைப் பழக்கத்தை வேதக் கட்டளையாக்கி ஒரு மருமகளின் தலையில் வைத்தால், அடி வாங்குவது அவர்தான், நாம் அல்ல. கொரிந்து பட்டணத்துச் சபையில் இதே பிரச்சினை இருந்தது. விருந்துக்கு அழைத்தால் வைத்ததைச் சாப்பிடு, விசாரிக்க வேண்டாம், விக்கிரகத்துக்குப் படைத்தது என்று ஒருவர் சொன்னால் மட்டும் தவிர்த்துவிடு என்றுதான் பவுல் எழுதினார் (1 கொரிந்தியர் 10:27, 28). நம்பாத கணவன் சேர்ந்து வாழச் சம்மதித்தால் அவனை விட்டுப் போகாதே என்றும் அதே நிருபத்தில் இருக்கிறது. அதற்காக அடிதடியைச் சகித்துக்கொண்டு இரு என்று அர்த்தமில்லை. அடி விழுகிற வீடு என்றால் 181 பெண்கள் உதவி எண்ணைக் கொடுங்கள், அப்புறம் ஜெபிக்கலாம்.

படையலில் கலந்துகொள்ள முடியாத பிள்ளை, அன்றைக்கு வீட்டைப் பெருக்கலாம், அப்பாவோடு கடைக்குப் போகலாம், தங்கச்சிக்குத் துணி எடுத்துக் கொடுக்கலாம். ‘சாமி கும்பிட மாட்டேன்’ என்பதை மட்டும் கேட்ட வீட்டுக்கு ‘உங்களை விட்டுப் போகவில்லை’ என்பதும் தெரிய வேண்டும்.

இனி மாத்திரை. இதைச் சொல்லாமல் விடமுடியாது. ‘சுகமாயிட்டேன்னு விசுவாசிக்கிறேன் பாஸ்டர், மாத்திரையை நிறுத்திட்டேன்’ என்று யாராவது வந்தால் சந்தோஷப்படாதீர்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தொடர் வலிப்பு வந்து உயிரே போகலாம். காசநோய்க்கு வழக்கமாக 6 மாதச் சிகிச்சை. பாதியில் விட்டால் அந்த மருந்துக்கே அடங்காத கிருமி வளரும். இன்சுலினையே நம்பியிருக்கும் சர்க்கரை நோயாளிக்குச் சில நாட்கள் விட்டாலே ஆபத்து. மனநல மாத்திரையும் அப்படித்தான், அதை விசுவாசக் குறைவு என்று பேசுகிறவர்களைச் சபையில் வாயடைக்க வேண்டும். சுவிசேஷம் எழுதிய லூக்காவே வைத்தியர். தன் உடன் ஊழியரான தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் கொஞ்சம் திராட்சரசம் சொன்னார். சுகம் உண்மையானால் பரிசோதனையில் தெரியும். அளவைக் குறைப்பதை டாக்டர் சொல்லட்டும். உபவாசமும் இப்படியே: சர்க்கரை நோயாளிகளும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் பட்டினி இருக்கக் கூடாது.

சாட்சி மேடை இன்னொரு தொல்லை. ஆள் வந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது, கன்வென்ஷனில் மைக்கைக் கொடுத்துவிடுகிறோம். அது யூடியூபில் ஏறி, சொந்த ஊரில் பெரியப்பா பார்த்து, அப்புறம் பெரிய பஞ்சாயத்து. கண்காணியாகிறவன், அதாவது சபையை நடத்துகிறவன், நூதன சீஷனாயிருக்கக்கூடாது, புதிதாக விசுவாசத்துக்கு வந்தவனாக இருக்கக்கூடாது என்று 1 தீமோத்தேயு 3:6 சொல்கிறது. மைக்குக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். அவர் சம்மதம் இல்லாமல் ஞானஸ்நான போட்டோவையும் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.

கடைசியாக, பல சபைகள் பேசவே கூச்சப்படும் விஷயம்: சாதிச் சான்றிதழ். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே எஸ்.சி. தகுதி உண்டு. சீக்கியர் 1956-லும் பௌத்தர் 1990-லும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் எஸ்.சி.யிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பி.சி. பட்டியலில் வருகிறார்கள். ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டே எஸ்.சி. சலுகை கேட்ட ஒரு வழக்கை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இந்தச் சட்டம் நியாயமா என்றால் இல்லை என்பதே என் கருத்து. ஆனாலும் அது அமலில் இருக்கிறது, கல்லூரி இடமும் வேலையும் அதில் அடங்கியிருக்கின்றன. இந்து திருமணச் சட்டப்படி கல்யாணம் ஆனவர்களில் ஒருவர் மதம் மாறினால், மற்றவர் அதைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கவும் வழியுண்டு.

இதையெல்லாம் முன்னாலேயே சொன்னால் ஆள் பயந்துவிடுவார் என்று ஒரு மூப்பர் என்னிடம் வாதாடினார். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று இயேசு சொன்னதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். இப்போது எங்கள் வகுப்பில் இதற்கென்றே ஒரு வாரம் ஒதுக்கியிருக்கிறோம். விருப்பமுள்ளவர்கள் வீட்டாரையும் அழைத்து வரலாம். தேவைப்பட்டால் வக்கீலைப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறோம், ஞானஸ்நானத்துக்குத் தேதி குறிப்பது அதற்கு அப்புறம்தான்.