அந்தெனா ஷொப்பு: டோக்கியோவின் வட்டார அங்காடிகளுக்கு இப்பெயர் வந்த வழி

ஜப்பானிய மொழியில் ‘அந்தெனா ஷொப்பு’ என்னும் சொல் இன்று பெரும்பாலும் ஒரே பொருளில் வழங்குகிறது. ஒரு மாகாணமோ நகராட்சியோ தன் மண்ணில் விளைந்தவற்றையும் தன் மக்கள் சமைத்தும் ஊறவைத்தும் உலர்த்தியும் ஆக்கியவற்றையும் தலைநகரத்து மக்களுக்கு விற்பதற்காக டோக்கியோவில் நடத்தும் கடையே அது. வாடகை மிகுந்த கின்ஸா, யூராக்குச்சோ, நிஹோன்பாஷி ஆகிய பகுதிகளில் இத்தகைய கடைகள் நெருங்கி அமைந்துள்ளன. ஆங்கிலச் சொற்கள் இரண்டைச் சேர்த்துச் செய்த பெயராகத் தோன்றினாலும், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு இத்தொடர் விளங்காது; தொலைக்காட்சி ஆன்டெனா விற்கும் கடை என்றே அவர் எண்ணுவார். மாதச் சம்பளக்காரரைக் குறிக்கும் ‘சராரீமான்’ போல, இதுவும் ஜப்பானியர் ஆங்கில உறுப்புகளைக் கொண்டு தம் தேவைக்குத் தாமே ஆக்கிக்கொண்ட சொல்லாகும்.

சொல்லின் முற்பகுதிக்கு நீண்ட வரலாறு உண்டு. இலத்தீனில் ‘அந்தென்னா’ என்பது பாய்மரத்தின் குறுக்கே கிடந்து பாயைத் தாங்கும் மரத்தின் பெயர். நம் கடலோடிகள் பருமல் என்பது அதைத்தான். பதினைந்தாம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டிலின் விலங்கியல் நூல்களைக் கிரேக்கத்திலிருந்து இலத்தீனுக்குப் பெயர்த்த தியோடோர் காசா, பூச்சியின் தலையில் நீண்டிருக்கும் உணர்கொம்புக்கு இச்சொல்லை ஆண்டார். கிரேக்கத்தில் கொம்புக்கும் பருமலுக்கும் ஒரே சொல் வழங்கியதால் அவருக்கு அந்த வழி திறந்தது. பின்னர், 1895 அளவில் மார்க்கோனி கம்பியில்லாத் தந்திச் சோதனைகளைத் தொடங்கியபோது கம்பியை உயர்த்திப் பிடிக்க ஒரு கம்பத்தை நட்டார் என்றும், கூடாரத்தின் நடுக்கம்பத்துக்கு இத்தாலிய மொழியில் வழங்கிய ‘அந்தென்னா’ என்ற பெயரே அந்தக் கம்பத்துக்கும், பிறகு வானலைக் கருவிக்கும் ஆகிவந்தது என்றும் சொல்லப்படுகிறது. இவ்வாறு கப்பலிலிருந்து பூச்சிக்கும், கம்பத்திலிருந்து வானொலிக்கும் வந்த சொல் ஜப்பானில் மனிதரின் இயல்பொன்றைக் குறிக்கவும் பயன்பட்டது. ‘அந்தெனா ஓ ஹரு’, அதாவது ஆன்டெனாவை விரித்துவைத்தல் என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால், சுற்றிலும் நடப்பவற்றைத் தவறவிடாமல் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

கடைக்குப் பெயர் வந்தது இந்த வழக்கிலிருந்துதான். ஆனால் அப்பெயரை முதலில் பெற்றவை மாகாணங்களின் கடைகள் அல்ல. உடை, உணவு போன்றவற்றை உற்பத்தி செய்யும் நிறுவனங்கள், புதிய சரக்கைச் சந்தை முழுவதும் இறக்குமுன் வாங்குவோர் எதைக் கையில் எடுக்கிறார்கள், எதைத் திருப்பி வைக்கிறார்கள், எந்த விலையில் தயங்குகிறார்கள் என்று அறிவதற்காக நேரடியாக நடத்திய கடைகளே முதலில் ‘அந்தெனா ஷொப்பு’ எனப்பட்டன. அங்கே விற்று வரும் பணத்தைவிடத் தெரிந்துகொள்ளும் செய்தியே பெரிது. சந்தையின் நாடியைப் பிடித்துப் பார்ப்பதற்கென்று வைத்த கடை என்று அதைச் சொல்லலாம். கொரிய மொழியும் இச்சொல்லை ஜப்பானிலிருந்து பெற்று ‘அந்தெனா ஷாப்’ என்றே வழங்குகிறது.

மாகாணங்கள் தலைநகரில் பொருள் விற்பது இச்சொல்லுக்கு முந்தியது. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் டோக்கியோ ரயில் நிலையத்தின் யாஎசு வாயிலருகே இருந்த கட்டடங்களில் பல மாகாணங்கள் சுற்றுலாத் தகவலுக்கும் உள்ளூர்ப் பொருள்களுக்குமாகச் சிறு நிலையங்களை வைத்திருந்தன. பெரிய பல்பொருள் அங்காடிகள் ஒரு மாகாணத்தின் பெயரில் சில நாள் நடத்தும் ‘புஸ்ஸான்தென்’ என்ற பொருட்காட்சிகளும் மக்களிடையே பெயர்பெற்றவை. 1990களில் இருபெரும் மாற்றங்கள் நேர்ந்தன. நிலமதிப்பின் செயற்கை வீக்கம் உடைந்து, முன்பு எட்டாதிருந்த கின்ஸாவின் வாடகை இறங்கியது ஒன்று. இளையோர் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட, கிராமப்புற மாகாணங்கள் தம் பொருளுக்கும் பெயருக்கும் புதிய ஆதரவாளர்களைத் தேட வேண்டியிருந்தது மற்றொன்று. ஒகினாவாவின் ‘வாஷித்தா’ கடை 1994இல் கின்ஸாவில் திறக்கப்பட்டது. இவாத்தே மாகாணத்தின் கடை 1998இல் கபுகி அரங்குக்கு எதிரே வந்தது. ஹொக்கைடோவின் ‘தொசாங்கோ பிளாசா’ 1999இல் யூராக்குச்சோவில் தொடங்கியது. மாகாண அரசுகள் நிறுவனங்களின் சொல்லை எடுத்துக்கொண்டபின் பழைய பொருள் பின்னுக்குப் போயிற்று. இன்று ஒரு ஜப்பானியரிடம் இச்சொல்லைச் சொன்னால் அவர் நினைவுக்கு வருவது பெரும்பாலும் ஊறுகாயும் அரிசியும் மதுவும் இனிப்பும் அடுக்கிய மாகாணக் கடைதான்.

‘மாகாணம்’ என்று இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஜப்பானின் 47 ஆட்சிப் பிரிவுகளுள் 43 ‘கென்’ எனவும், எஞ்சியவை வேறு பெயர்களிலும் வழங்குகின்றன. ஜப்பான் கூட்டாட்சி நாடு அன்று. ஆகவே மாநிலம் என்றால் இல்லாத அதிகாரத்தை ஏற்றிச் சொன்னதாகும். மக்கள் வாக்களித்துத் தேரும் ஆளுநரும் மன்றமும் இருப்பதால் மாவட்டம் என்பதும் குறைந்துபோகும்.

கடைக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தால்தான் பெயரின் பொருத்தம் புலப்படும். யூராக்குச்சோ நிலையத்தை ஒட்டி 1965இல் எழுந்த தோக்கியோ கோத்சூ கைகான் என்ற கட்டடமே இதற்கு ஏற்ற இடம். ஒரே கூரையின்கீழ் ஹொக்கைடோ, அகித்தா, தொயாமா, வகயாமா எனப் பல மாகாணங்களின் கடைகள் உள்ளன. கின்ஸாவில் நெடுங்காலம் இருந்த வாஷித்தாவும் 2022இல் இங்கே இடம்பெயர்ந்தது. ஹொக்கைடோவின் கடையில் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் கொம்பு என்னும் கடற்பாசியும் நிறைந்திருக்க, வாசலில் பால் ஐஸ்கிரீமுக்கு வரிசை நிற்கும். சில அடி தள்ளி அகித்தாவின் கடையில் ‘இபுரிகாக்கோ’ இருக்கும். பனிக்காலத்தில் வெயில் கிடைக்காத அந்த வடபுலத்தில் முள்ளங்கியை வெளியில் உலர்த்த இயலாமையால், அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் புகையில் வாட்டி, பின்பு அரிசித் தவிட்டில் ஊறவைத்த ஊறுகாய் அது. வகயாமாவின் அலமாரியில் உமெபோஷி என்னும் உப்பிட்ட புளிப்புப் பழம் மட்டும் உப்பின் அளவும் இனிப்பின் அளவும் மாறி மாறிப் பல வகைகளாக நிற்கும். தட்பவெப்பமும் நிலமும் உணவை எப்படி ஆக்குகின்றன என்பதை இவ்வளவு குறைந்த தொலைவு நடப்பதற்குள் காட்டும் இடம் வேறு இருக்குமா என்பது ஐயமே.

தமிழர் ஒருவர் அதிக நேரம் நிற்கக்கூடிய இடம் ஒகினாவாவின் கடை. வெப்பமண்டலத்தை ஒட்டிய அத்தீவுகளின் அடையாளக் காய் ‘கோயா’, அதாவது நம் பாகற்காய். அது காயாகவும் தேநீராகவும் வறுவலாகவும் அங்கே விற்கப்படுகிறது. ‘உகொன்’ என்னும் மஞ்சளும் பொடியாகவும் மாத்திரையாகவும் பானமாகவும் கிடைக்கும். மது அருந்தும் விருந்துக்கு முன் அதைக் குடிப்போர் ஜப்பானில் பலர். ‘கொக்குத்தோ’ என்ற கருப்புச் சர்க்கரை, கரும்புச் சாற்றைக் காய்ச்சி இறுக்கியது. நம் வெல்லக்கட்டியை வாயில் போட்டது போலவே இருக்கும். அவாமொரி என்னும் வடித்த மது பெரும்பாலும் ஜப்பானின் குட்டை அரிசியில் ஆவதில்லை. தாய்லாந்தின் நீள அரிசியைக் கொண்டு ஆவது. ஒகினாவாவை முன்பு ஆண்ட, கடல்வழி வாணிகத்தில் வாழ்ந்த ரியூக்யூ அரசின் எச்சம் அந்தப் புட்டியில் இருக்கிறது எனலாம். மிளகாய் விரும்புவோர் நீகாத்தாவின் ‘கன்ஸுரி’யையும் தேடலாம்: உப்பிட்ட மிளகாயைப் பனியின்மேல் பரப்பிக் கசப்பு நீக்கியபின், யூசு என்னும் புளிப்புக் கனியும் அரிசிப் பூஞ்சணமும் சேர்த்து ஆண்டுக்கணக்கில் நொதிக்கவைத்த விழுது அது. மரக்கறி உண்போர் மட்டும் சற்றுக் கவனமாக இருக்க வேண்டும். காய் ஊறுகாயில்கூட உலர்ந்த மீன் சாறு கலந்திருப்பது வழக்கம்.

இனி, செய்தி திரட்டும் வேலை எங்கே நடக்கிறது என்று கேட்கலாம். ஹொக்கைடோவின் கடை போன்றவற்றில் புதிய பொருள்களைச் சில மாதம் வைத்துப் பார்க்கும் தனி அலமாரி உண்டு. விற்பனையும் வாங்குவோர் சொன்ன குறையும் ஊரிலுள்ள சிறு உற்பத்தியாளருக்குச் சென்று சேர்கின்றன. பொட்டலம் பெரிது, தனியே வாழும் நகரத்தார்க்குப் பாதி அளவு போதும் என்பது போன்ற எளிய செய்தி ஒரு கிராமத்து ஊறுகாய்க்காரருக்கு வேறு எவ்வழியிலும் கிடைக்காது. எதிர்த்திசையிலும் செய்தி போகிறது. சுற்றுலா மேசை, உள்ளூர் உணவைப் பரிமாறும் சிற்றுணவகம், சொந்த ஊருக்குத் திரும்ப விரும்புவோர்க்கும் புதிதாகக் குடியேற விரும்புவோர்க்குமான ஆலோசனை என ஊரைத் தலைநகருக்கு அறிவிப்பதும் இக்கடைகளின் கடமையாகக் கருதப்படுகிறது. நிலநடுக்கமும் அணு உலை விபத்தும் நேர்ந்து மூன்றாண்டுக்குப்பின், 2014இல் நிஹோன்பாஷியில் ஃபுகுஷிமா திறந்த ‘மிதெத்தே’ கடையின் நோக்கத்தை விற்பனைக் கணக்கால் மட்டும் அளக்க முடியாது. அம்மண்ணின் அரிசியையும் பழத்தையும் மதுவையும் மக்கள் மீண்டும் ஐயமின்றிக் கையில் எடுக்க வேண்டும் என்பதே அதன் முதல் வேலையாக இருந்தது. வாடகைச் சுமை தாங்காத மாகாணங்கள் அண்டை மாகாணத்தோடு கூட்டுச் சேர்வதும் உண்டு. ககாவாவும் எஹிமேயும், தொத்தோரியும் ஒகயாமாவும் ஷிம்பாஷியில் அவ்வாறு கடையைப் பங்கிட்டுக்கொண்டன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இக்கடைகளின் பெயர்ப்பலகையில் ‘அந்தெனா ஷொப்பு’ என்ற சொல் அரிதாகவே காணப்படும். அது அரசு அலுவலகமும் செய்தித்தாளும் ஆளும் சொல். பலகையில் இருப்பது பெரும்பாலும் ஊர்ப்பேச்சு. ‘மிதெத்தே’ என்றால் ஃபுகுஷிமா வழக்கில் ‘பார்த்துவிட்டுப் போங்கள்’. ஹிரோஷிமா கடையின் பெயரான ‘தாவு’ அவ்வூர்ப் பேச்சில் ‘எட்டும், போய்ச் சேரும்’ என்று பொருள்படும். ‘வாஷித்தா’ ஒகினாவா மொழியில் ‘நாம், நம்முடைய’. ‘தொசாங்கோ’ ஹொக்கைடோவில் பிறந்தவர். யமகுச்சியின் கடை ‘ஒய்தெமாஸே’, அதாவது ‘வாருங்கள்’ என்று அழைக்கிறது. பொதுமொழியில் கரைந்துபோன வட்டார வழக்கைக் கின்ஸாவின் நடுவே எழுதிவைப்பதும் ஒருவகையில் சரக்கைக் காட்டுவதுதான்.

தமிழில் இதற்கு என்ன சொல் என்பதே இனி எஞ்சிய கேள்வி. சொல்லுக்குச் சொல் வைத்து ‘அலைவாங்கிக் கடை’ என்றால் முதலில் சொன்ன ஆங்கிலேயரின் குழப்பமே நமக்கும் நேரும். அதற்கு மேலும் ஒரு குறை இருக்கிறது. வானொலிப் பொறியியலில் ஆன்டெனா அலையை வாங்கவும் செய்யும், விடவும் செய்யும். அலைவாங்கி என்ற தமிழ்ச்சொல் அதில் பாதியைத்தான் சொல்கிறது. மாகாணக் கடை இரண்டையும் செய்வதால் அச்சொல் இங்கே இரட்டிப்பாகப் பொருந்தாது. ‘உணர்கொம்புக் கடை’ என்பது உருவகத்துக்கு நெருக்கமானது. ஆனால் தமிழில் கொம்பை நீட்டுதல் என்று கவனமாயிருப்பதைச் சொல்லும் வழக்கு இல்லாமையால், விளக்கவுரை இல்லாமல் அது நிற்காது. பூம்புகார் விற்பனை நிலையம், தில்லியில் மாநிலங்கள் நடத்தும் கைவினைக் கடைகள் ஆகியவற்றை நினைத்து ‘மாநில விற்பனையகம்’ எனலாமா என்றால், அவை கைவினைக்கு உரியவை; உணவே முதன்மையான இக்கடைகளின் இயல்பு அப்பெயரில் வராது.

‘திணை அங்காடி’ என்ற ஆசை எழுவதும் இயல்பே. தமிழ் இலக்கணம் ஒரு நிலத்தின் கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வத்துக்கு அடுத்தபடி உணவைத்தான் வைக்கிறது. ஜப்பானியர் ஊரிலிருந்து வாங்கிவரும் பண்டத்தை ‘மியாகே’ என்பர். அதற்கு அவர்கள் இடும் இரு சீன எழுத்துகளுக்கு ‘மண்’, ‘விளைவு’ என்று பொருள். இரு மரபும் ஒரே இடத்தில் வந்து நிற்பது வியப்பளிக்கிறது. ஆயினும் மாகாண எல்லை ஆட்சியாளர் வகுத்தது. திணை நிலத்தின் இயல்பால் அமைவது. ஹொக்கைடோ ஒரே மாகாணமாக இருந்தும் அதனுள் மலையும் வயலும் கடலும் உள்ளன. எனவே இச்சொல் அழகாக இருந்தும் பொருத்தமானதன்று.

ஒரே சொல் இரு பொருளில் வழங்குவதால் தமிழில் இரு சொற்களாகப் பிரித்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. உற்பத்தி நிறுவனம் தன் புதுச்சரக்கைச் சோதிக்க நடத்துவது ‘முன்னோட்டக் கடை’. மாகாணமோ நகராட்சியோ தன் பொருளைத் தலைநகரில் காட்டவும் விற்கவும் நடத்துவது ‘வட்டார அங்காடி’. வட்டாரம் என்ற சொல் வழக்கு, சமையல், எழுத்து ஆகியவற்றோடு ஏற்கெனவே பழகியது. எல்லை எவ்வளவு என்று கறாராகச் சொல்லாதது. ஹொக்கைடோ போன்ற பெருந்தீவுக்கும் ஒரு சிறு நகராட்சிக்கும் அது ஒருசேரப் பொருந்தும். செய்தியை மொழிபெயர்ப்பவர் கடையை நடத்துவது யார் என்று பார்த்தால் எந்தச் சொல் வேண்டும் என்பது தெளிவாகிவிடும். ஹொக்கைடோவின் கடைக்குச் சிங்கப்பூரில் திறக்கப்பட்ட கிளையைப் பற்றித் தமிழில் எழுதுவோரும் ‘ஹொக்கைடோ வட்டார அங்காடி’ என்றே எழுதலாம். ‘தொசாங்கோ பிளாசா’ என்பது கடையின் சொந்தப் பெயராதலால் அதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை.