டைட்டா இருந்தா ஒழுகாதா? ஃபோர்க் சீலோட கதை

"அண்ணா, முன்னாடி ஷாக்ல ஆயில் ஒழுகுது. அந்த சீலை இன்னும் கொஞ்சம் டைட்டா செஞ்சிருந்தா ஒழுகவே ஒழுகாதுல்ல?"ன்னு ஒரு தம்பி கேட்டான். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தேன். பைக்கோட முன் வீலைப் பிடிச்சிருக்குற அந்த ரெண்டு ஷாக் குழாயத்தான் ஃபோர்க்குன்னு சொல்றோம், உள்ள இருக்குற ஆயில் வெளிய வராம தடுக்குற ரப்பர் வளையம்தான் சீல்.

சீலை மாத்துறது வீட்லயே ஆகுற வேலைதான். எஞ்சினுக்கு அடியில கட்டை குடுத்து, ஃபோர்க் மேல் மூடிய வண்டில இருக்கும்போதே லூஸ் பண்ணிட்டு, வீல், பிரேக் காலிப்பர், மட்கார்டு கழட்டி ஃபோர்க்க உருவுங்க. மூடிய முழுசா எடுக்கும்போது ஸ்பிரிங் எகிறும், மூஞ்சிய தள்ளி வைங்க. ஆயிலைக் கொட்டி, அடியில இருக்குற ஆலன் போல்ட்ட எடுத்தா அப்புறம் டஸ்ட் சீல், லாக் வளையம், சீல், அவ்ளோதான்.

கழட்டுன சீலை கையில வெச்சுப் பாருங்க. உள்பக்கம் மெல்லிசா ஒரு ரப்பர் உதடு, அதச் சுத்தி குட்டி வளையல் மாதிரி ஒரு ஸ்பிரிங். உதட்டுக்கு ரெண்டு பக்கமும் சரிவு, ஆனா ரெண்டும் ஒரே மாதிரி இருக்காது, ஆயில் பக்கம் செங்குத்து, காத்துப் பக்கம் நல்லா சாய்வு. சூட்சுமமே இதுலதான் இருக்கு. ஃபோர்க் நீளும்போது உள் பைப் வெளிய வரும்ல, அப்ப செங்குத்துப் பக்கம் ஆயிலை வழிச்சு விட்டுட்டு ஒரு மைக்ரான்கூட தேறாத ஒரு படலத்த மட்டும் வெளிய விடும் (நம்ம தலைமுடியே சுமாரா 70 மைக்ரான்). பள்ளத்துல இறங்கி ஃபோர்க் அமுங்கும்போது சாய்வுப் பக்கம் அந்தப் படலத்த அப்படியே உள்ள இழுத்துக்கும். ஆக சீல் எப்பவும் கொஞ்சம் கசியுது, கசிஞ்சத திரும்ப வாங்கிக்குது. தம்பி சொல்ற மாதிரி இறுக்கிட்டா படலமே இருக்காது, ரப்பர் காஞ்சுபோய் தேஞ்சிடும். தலைகீழா மாட்டினீங்கன்னா அதே உதடு ஆயிலை வெளிய பம்ப் பண்ண ஆரம்பிச்சிடும்.

1966ல பிரிட்டன்ல ஜோஸ்ட் குழு ஒரு அறிக்கை குடுத்துச்சு, உராய்வு, தேய்மானம், எண்ணெய் இத ஒழுங்கா கவனிச்சாலே வருஷத்துக்கு 51.5 கோடி பவுண்ட் மிச்சமாகும்னு. இந்த மூணையும் ஆராயுற துறைக்கு ட்ரைபாலஜிங்கிற பேரே அப்ப வந்ததுதான். ராக்கெட்டுன்னா கை தட்டுறோம், ரப்பர் உதட்டு ஆராய்ச்சிக்கு காசு கேட்டா சிரிக்கிறோம். வண்டிக்கு திருஷ்டி கழிக்க எலுமிச்சம்பழம் வாங்குற நாம, பைப்புல அப்புன சேத்த ஒரு துணி எடுத்து துடைக்க மாட்டோம். காஞ்ச சேறும் க்ரோம்ல துருப்புள்ளியும்தான் உதட்டக் கிழிக்கிறது.

புது சீல் போடும்போது பைப் முனைல ஆயில் தடவுன பாலிதீன் கவர மாட்டி நழுவ விடுங்க, அதுக்கப்புறம் அளவான பிவிசி பைப்ப மேல வெச்சு சமமா தட்டுங்க. நான் முத தடவ ஸ்க்ரூடிரைவரால குத்தி உள்ள தள்ளி, ரெண்டே நாள்ல மறுபடி கழட்டுனேன். ஆயில் ரெண்டு குழாய்லயும் மேனுவல்ல சொன்ன அதே அளவு. பிரேக் டிஸ்க்லயோ பேட்லயோ ஆயில் பட்டுச்சுன்னா பிரேக் பிடிக்காது, ஜாக்கிரதை.

மாட்டி முடிச்சு ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து பைப்ப பாருங்க. லேசா பளபளப்பு இருந்தா விட்டுடுங்க. மோதிரம் மாதிரி ஆயில் கோடு நின்னுச்சுன்னா, மறுபடி ஸ்பானர எடுங்க.