வடகடலில் சமாதானம் வந்தபோது

வடகடல் என்று நாங்கள் சொல்லும் பாக் விரிகுடாக் கரையில், தேவிபட்டினம் பக்கத்து ஊரிலிருந்து ஒரு அக்கா போன மாதம் என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு சாக்கு. உள்ளே வந்ததும் அதைத் தரையில் கவிழ்த்தார். நண்டு வலை. மேல்கயிறு அறுந்து, மிதவைகள் போய், கண்ணிகள் முடிச்சு முடிச்சாகச் சுருண்டு கிடந்தன. சேறு இன்னும் காயவில்லை.

“எட்டு வலை போட்டோம் தம்பி. கிடைச்சது இதுதான். மத்ததெல்லாம் ராத்திரி மடி வாரிக்கிட்டுப் போயிருச்சு.”

மடி என்றால் விசைப்படகு இழுத்துக்கொண்டு போகும் இழுவை வலை. எந்தப் படகு என்று கேட்டேன். “இருட்டுல என்னத்தக் கண்டாரு அவரு” என்றார்.

மீனவக் குடும்பங்களின் வழக்குகளைப் பார்க்கும் வக்கீல் நான். இலங்கையில் கைதானவர்களின் வீட்டார் எவ்வளவு பேர் வருகிறார்களோ, அதே அளவுக்கு வலை அறுந்தவர்களும் வருகிறார்கள். இரண்டும் ஒரே இடத்தில் தொடங்கிய பிரச்சினை என்பது எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது.

1983ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்த ஆண்டு அது. கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை நாட்டுப்படகுக்கு, அதற்கு அப்பால் விசைப்படகுக்கு என்று கடலைப் பிரித்தார்கள். அதே ஆண்டுதான் இலங்கையில் உள்நாட்டுப் போரும் வெடித்தது. யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்து மீனவர்கள் கடலுக்குப் போகத் தடை, இரவில் போகத் தடை, இஞ்சின் குதிரைத்திறனுக்குக் கட்டுப்பாடு என்று ஆனது. எதிர்க்கரைக் கடல் காலியானது. நம் பக்கத்து விசைப்படகுகள் அங்கே போய் மீன் பிடித்தன. குண்டடி பட்டவர்களும் திரும்பி வராதவர்களும் உண்டு, அந்தத் துயரம் சின்னதல்ல. ஆனால் மீன் கிடைத்தது. அதை நம்பிக் கடன் வாங்கிப் படகு கட்டினார்கள்.

2009 மே மாதம் போர் முடிந்தது. தடைகள் படிப்படியாக விலகின. அந்தக் கரைத் தமிழன் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பைபர் படகையும் செவுள் வலையையும் வைத்துக்கொண்டு தொழிலைத் தொடங்கினான். அவன் வலையையும் மடி வாரிக்கொண்டு போனது. என் அலுவலகத் தரையில் கிடந்த வலையும் அவன் வலையும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன. அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இதை ராமேஸ்வரத்திலேயே சத்தமாகச் சொல்லலாம், கேட்டுக்கொள்கிற மீனவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 2010 ஆகஸ்டில் இரு கரை மீனவர்களும் நேரில் உட்கார்ந்து பேசி, இழுவை மடியைக் குறிப்பிட்ட காலத்துக்குள் நிறுத்துவது என்ற அளவுக்கு வந்தார்கள். அரசுகள் அதை எடுத்துச் செல்லவில்லை.

அப்புறம் கெடுபிடி கூடியது. 2017இல் இலங்கை இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. 2018இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் பல மடங்கு உயர்த்தியது. கடற்படைக் கண்காணிப்பும் இறுகியது. சரி, எல்லை தாண்ட முடியாத விசைப்படகு எங்கே போகும்? கணக்குப் பாருங்கள். ராமேஸ்வரத்திலிருந்து கச்சத்தீவு ஏறக்குறைய 12 கடல் மைல். எல்லைக்கோடு அதற்கும் இந்தப் பக்கம். கரையோர மூன்று மைலைக் கழித்தால் ஏழெட்டு மைல்தான் தேறும். அதற்குள் இத்தனை மடியும் இழுக்க இடமில்லை. கரையைப் பார்த்துத்தான் திரும்பும். நாட்டுப்படகின் மூன்று மைலுக்குள் நுழையும். எதிர்க்கரைக்கு வந்த சமாதானத்தின் சுமை இப்படித்தான் எங்கள் வடகடலில் வத்தை என்ற சின்ன நாட்டுப்படகு வைத்திருப்பவன் தலையில் இறங்கியது.

இதற்கு மாற்று யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2017இல் ஆழ்கடல் மீன்பிடித் திட்டம் வந்தது. 80 லட்ச ரூபாய்ப் படகு. மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம், வங்கிக் கடன் 20, மீனவர் பங்கு 10. மூன்று ஆண்டில் 2,000 இழுவைப் படகுகளை மாற்றுவது இலக்கு. அதில் ஒரு சிறு பங்குதான் நடந்தது. ஆழமில்லாத பாக் விரிகுடாவில் வளர்ந்தவனை ஆழ்கடல் சூரை மீனுக்கும் தூண்டிலுக்கும் பழக்குவது ஒரு மானியத்தில் முடிகிற வேலை இல்லை. எட்டு லட்சம் கையிலிருந்து போட வேண்டியிருந்தது, பதினாறு லட்சம் கடன் அடைக்க வேண்டியிருந்தது.

எனக்கு உறுத்துவது வேறு. படகு வைத்திருப்பவருக்காவது ஒரு திட்டம் வந்தது. அதில் கூலிக்குப் போகிறவருக்கு என்ன? நண்டு வலைக்காரருக்கு என்ன? நாட்டுப்படகு மீனை ஏலத்தில் எடுத்துக் கூடையில் கொண்டுபோய் விற்கும் பெண்களுக்கு என்ன? இந்திய, இலங்கைப் பேச்சுவார்த்தை என்றாலே கைதும் விடுதலையும் படகும்தான் பேச்சு. ‘மீனவர்’ என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை பேரையும் அடைத்துவிடுகிறோம். 2016இல் இரு நாடும் அமைத்த கூட்டுப் பணிக்குழுவில் நாட்டுப்படகுக்கும் மீன் விற்கும் பெண்களுக்கும் தனி இடம் வேண்டும் என்று நான் போகிற கூட்டத்தில் எல்லாம் கேட்டு வருகிறேன்.

அதுவரை கையில் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். வலை அறுந்தால் அன்றைக்கே, கரையில் இறக்கியதும், போட்டோ எடுங்கள். வலை போட்ட இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்து வையுங்கள். வலை வாங்கிய ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். கூட்டுறவுச் சங்கம் வழியாக மீன்வளத்துறைக்கு எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்ற முறை இருப்பதால் தேதி ரொம்ப முக்கியம். உங்கள் நாளில் மடி வந்தது என்றால் அதுவே பாதி வழக்கு.

இன்னொன்று. இலங்கையின் ஊர்காவற்றுறை, மன்னார் நீதிமன்றங்களில் ஒத்திவைத்த சிறைத்தண்டனையோடு அனுப்பினால், பலர் அதை விடுதலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். விடுதலை இல்லை அது. அந்தக் காலம் முடிவதற்குள் மறுபடி பிடிபட்டால் பழைய தண்டனையும் சேர்ந்து வரும். 2024 பிப்ரவரியில் மறுபடி பிடிபட்டவர் உட்படச் சிலர் உள்ளே போனார்கள், அதற்காகத்தான் ராமேஸ்வரத்தில் கச்சத்தீவுத் திருவிழாவையே புறக்கணித்தார்கள். மாட்டுவது பெரும்பாலும் கூலிக்குப் போகிறவர்கள். தீர்ப்புத் தாளை வீட்டில் வையுங்கள், எத்தனை வருஷம் என்று வீட்டுப் பெண்களுக்கும் தெரியட்டும்.

அந்த அக்காவின் புகாரை எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. ரசீது இல்லை. கடைக்காரரிடம் நகல் கேட்டு வாங்கி வருவதாகச் சொன்னார். வலையை மறுபடி சாக்கில் திணித்தார். நல்ல கண்ணிகளை வெட்டி எடுத்து ஒன்றாகக் கோத்தால் ஒரு வலையாவது தேறும் என்றார்.