“போய்ச் சேர்ந்தால் காணும்” என்று அம்மா சொன்னால்

“கடவுள் என்னை இன்னும் எடுக்கிறாரில்லை.” “போய்ச் சேர்ந்தால் காணும்.” வன்னியில் வயதானவர்கள் இப்படிச் சொல்வது புதிதல்ல. கேட்டுப் பழகிய பிள்ளைகள் “சும்மா இருங்கோ அம்மா” என்று கடந்துவிடுகிறார்கள். கடக்காமல் நின்று கேட்கவேண்டிய இடம் அதுதான்.

துக்கம் நோயல்ல. துணையை இழந்தவர் அழுவார். பேரப்பிள்ளை வந்தால் சிரிப்பார். திவசம் நெருங்க மறுபடி உடைவார். மனச்சோர்வு அப்படி விட்டுவிட்டு வராது. இரண்டு கிழமைக்கு மேலாக, அநேகமாக நாள் முழுவதும், எதிலும் நாட்டமில்லாமல் இருப்பார். “கவலை” என்று வாய்திறந்து சொல்லவும் மாட்டார். நெஞ்சு பாரம், கை கால் உளைவு, சாப்பாட்டில் ருசியில்லை, விடியப்புறம் 3 மணிக்கே முழிப்பு என்பார். தைரொயிட் குறைபாடும் இரத்தச்சோகையும் இதேமாதிரித்தான் தெரியும். இரத்தப் பரிசோதனையைத் தவிர்க்கவேண்டாம்.

போரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பெற்றோருக்கு எட்டுச் சடங்கும் இல்லை, அந்தியேட்டிக் கிரியையும் இல்லை. பிள்ளைகள் எங்கே என்று கேட்டு கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய தெருவோரப் போராட்டத்தில் இருந்த பெற்றோர் பலர் பதில் கிடைக்காமலே இறந்துபோனார்கள். “இனி வரமாட்டான், மனதை ஆற்றுங்கோ” என்பது, பிள்ளையைக் கைவிடச் சொல்வதாகவே அவர்களுக்குக் கேட்கும். பேரைச் சொல்லிக் கதைக்க விடுங்கள். பிறந்தநாளுக்கு அர்ச்சனையா, மெழுகுதிரியா, ஒன்றுமே வேண்டாமா என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.

தற்கொலை எண்ணத்தைப் பற்றி நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆட்கள் இல்லாத நேரம் பக்கத்தில் இருந்து, “அம்மா, விடிய எழும்பாமல் விட்டால் நல்லம் எண்டு நினைக்கிறனீங்களோ?” என்று தொடங்கலாம். ஓம் என்றால், “உயிரை மாய்க்கவேணும் எண்டு யோசிச்சதுண்டோ? எப்பிடி, எப்ப எண்டும் யோசிச்சனீங்களோ?” பதில் வரும்வரை பொறுத்திருங்கள். சத்தியம் வாங்கவேண்டாம். “பிள்ளையளை நினைச்சுப் பாருங்கோ” என்பதும் உதவாது. பிள்ளைகளுக்குத் தான் பாரம் என்றுதான் அவர் ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

எப்படி, எப்போது என்று யோசித்திருந்தால், அல்லது காணி உறுதியையும் நகையையும் திடீரெனப் பங்கிட்டால், ஒரு நிமிடமும் தனியே விடாமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். அம்புலன்சுக்கு 1990. எந்நேரமும் மனநல ஆலோசனைக்கு 1926. திட்டம் ஏதுமில்லாத வெறும் சலிப்பென்றாலும் அந்தக் கிழமைக்குள் மனநலக் கிளினிக்கில் காட்டுங்கள்.

வயல் வீடுகளில் பூச்சிமருந்தும் களைநாசினியும் தாழ்வாரத்தில்தான் கிடக்கும். பூட்டுப் போட்டு வைப்பதைவிட, கொஞ்சக் காலத்துக்கு வேறு வீட்டுக்கு மாற்றுவது நல்லது. கொடிய பீடைகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பிறகே இலங்கையில் தற்கொலைச் சாவுகள் 1995இன் உச்சத்திலிருந்து வெகுவாகக் குறைந்தன. கிளினிக்கில் தரும் ஒரு மாத மாத்திரையையும் மகளோ மருமகளோ வைத்திருந்து அன்றன்றைக்கு எடுத்துக் கொடுக்கட்டும்.

மனச்சோர்வு மருந்து வேலைசெய்யத் தொடங்க 2 முதல் 4 கிழமை எடுக்கும். வயதானவர்களுக்கு 8 கிழமையும் ஆகலாம். பத்தாம் நாள் “ஒண்டும் செய்யேல்லை” என்று நிறுத்துவதால்தான் பல சிகிச்சைகள் வீணாகின்றன. சுகமானபிறகும் குறைந்தது 6 மாதம் தொடரவேண்டும். இடையில் தடுமாற்றமோ விழுகையோ வந்தால் உடனே காட்டுங்கள். இந்த மருந்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கலாம். மூட்டு நோவுக்குப் பார்மசியில் தாங்களாக மாத்திரை வாங்கிச் சேர்க்கக் கூடாது. சில மனச்சோர்வு மருந்துகளோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியலாம்.

பொலிஸ் வழக்கு வருமென்று பயந்து சிலர் வைத்தியசாலைக்குப் போகப் பிந்துகிறார்கள். தற்கொலை முயற்சி 1998 முதல் இலங்கையில் குற்றமல்ல. வைத்தியசாலையிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு வந்தபிறகு வரும் முதல் கிழமைகளே மிகவும் ஆபத்தானவை. அந்த நாட்களில் இரவில் கூடப் படுக்க ஆள் வேண்டும். அடுத்த கிளினிக் திகதிக்கு யார் கூட்டிக்கொண்டு போவது என்பதையும் வாட்டை விட்டு வெளிக்கிட முதலே பேசி முடிவெடுங்கள்.